பஞ்சத்தில் அடிபட்டவன்

ஒல்லிப் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பட்டப்பெயர் எப்போதும் தயாராக இருக்கும். பஞ்சத்துல அடிபட்டவன். பந்தியில் இரண்டாவது தடவை சோறு கேட்டாலும் அதே பெயர்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வாய்த்த எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு இந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பெல்ட்டில் ஆணியை வைத்துக் கூடுதலாக ரெண்டு ஓட்டை போட்டால்தான் அவனுக்கு பேன்ட் இடுப்பில் நிற்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயர் வந்தால் பின்பெஞ்சிலிருந்து "பஞ்சம் வந்திருக்குதுங் டீச்சர்" என்று ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும், அவனும் சிரிப்பான். நான் ஒருநாளும் கண்டித்ததில்லை. பிள்ளையே சிரிக்கிறானே, அப்புறமென்ன என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

அந்தப் பையனுக்குத்தான் ஆண்டு விழா நாடகத்தில் கஞ்சித்தொட்டி முன்னால் சட்டி ஏந்தி நிற்கிற வேஷத்தைக் கொடுத்தேன். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய நாடகம். எழுதியது, சொல்லிக்கொடுத்தது, வேஷம் பிரித்தது எல்லாம் நான்தான். ஒத்திகையின் மூன்றாம் நாள் அவன் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஒரே ஒரு வரி சொன்னான். ரெண்டு வருஷமாக அந்த வரி என்னைவிட்டுப் போகவில்லை. அதற்கு வருவதற்கு முன்னால், அந்த நாடகத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

கொறங்காட்டு மண்

எங்கள் பள்ளி காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் நாலு மாடு. கொங்கு நாடு என்றால் வாய்க்கால் பாசனம், தென்னந்தோப்பு, மில்லு, பனியன் கம்பெனி என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கொறங்காட்டைக் காட்ட வேண்டும். மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பது இந்த மண்ணுக்குப் பாடமாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் போய், வடகிழக்கும் போனது. அதுதான் தாது வருஷம். அடுத்த ஈசுவர வருஷத்திலும் சாவு நிற்கவில்லை.

எட்டாம் வகுப்பில், குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்குகிற ரயத்துவாரி முறையை நடத்தும்போது தாமஸ் மன்றோ, கேப்டன் ரீடு, பாராமகால் என்று பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். தீர்வையைக் காசாகக் கட்ட வேண்டிய குடியானவன் மழையில்லாத வருஷத்தில் காசுக்கு எங்கே போனான், அவன் காட்டில் கூலிக்குப் போனவன் எங்கே போனான் என்று கேட்பதற்குள் மணி அடித்துவிடும். நான் ஒரு வருஷம் கணக்கை எழுதிப் போட்டேன். 1871 குடிமதிப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். நாமக்கல், திருச்செங்கோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது அதில் சேர்த்தி. 1881-ல் எண்ணிப் பார்த்தால் சுமார் 16 லட்சம். நடுவில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து எண்ணியே இவ்வளவுதான். எங்கள் பக்கம் அப்போது சேர்ந்திருந்த கோயம்புத்தூர் மாவட்டத்தில் குறைந்தவர்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். செத்தவர்கள், கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள், மைசூர்ப் பக்கமும் மலைப் பக்கமும் நடந்தே போனவர்கள் எல்லாரும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். பிள்ளைகள் அழகாக அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார்கள். "ரெண்டு மார்க்கா அஞ்சு மார்க்கா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அத்தோடு பஞ்சம் முடிந்தது.

சரி, எண் வேலைக்காகவில்லை, படம் காட்டுவோம் என்று அடுத்து முடிவு செய்தேன். வில்லோபி ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்களை உட்கார வைத்து எடுத்த படங்கள் இணையத்தில் கிடைக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியாது. விலா எலும்பும் முட்டியும் கண்ணும்தான் இருக்கும். அதில் இருக்கிற ஒருவருக்கும் பெயர் கிடையாது. அந்தப் படங்களை வகுப்பில் போட்டேன். பிள்ளைகள் அழுவார்கள் என்று நினைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கைக்குட்டையோடு நின்ற மாதிரி ஒரு எதிர்பார்ப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் வரிசையாக. அரையில் துணியில்லாத ஆளைப் பார்த்துப் பதிமூன்று வயசு வேறென்ன செய்யும்? பயந்தாலும் கூச்சப்பட்டாலும் அந்த வயசில் முதலில் வருவது சிரிப்புத்தான். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது, அன்றைக்குக் கோபம்தான் வந்தது. கூட்டத்தில் ஒருவன் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "டேய், உன்னையாட்டமே இருக்கறாங்கடா" என்று ஒல்லிப் பையனைக் காட்டினான். அவன் அன்றைக்கும் சிரித்தான். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஒரு பவுண்டு

உறைக்கவில்லை. நாடகம் போடலாம் என்று தோன்றியது. ஆசிரியர் பயிற்சிகளில் வருஷா வருஷம் சொல்கிறார்கள்: கேட்டால் மறக்கும், செய்தால் நிற்கும். கண்ணால் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உடம்பால் செய்து பார்த்தால் சிரிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

நாடகத்துக்கு முன்னால் செய்த ஒரு காரியம் மட்டும் நன்றாக வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். 1877 ஜனவரியில் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட, கல்கத்தா சர்க்கார் அனுப்பிய அதிகாரியாக ரிச்சர்டு டெம்பிள் துரை சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலையில் கல்லுடைக்கிற, மண் அள்ளுகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று வெட்டிவிட்டுப் போனார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். வீட்டிலிருந்து கம்பு கொண்டுபோய், சத்துணவுக் கூடத்துத் தராசை வாங்கி, பிள்ளைகளை விட்டே நிறுக்கச் சொன்னேன். நிறுத்துத் தாம்பாளத்தில் கொட்டியதும் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னது, "நெறைய இருக்குதுங் டீச்சர்!" உண்மைதான், பார்க்க நிறையத்தான் இருந்தது. அவர்களுக்கு மத்தியானம் தலைக்கு 150 கிராம் அரிசிதான் வேகிறது. அதைப்போல மூன்று மடங்கு. என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

பதில் சொன்னது அந்த ஒல்லிப் பையன்தான். "எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்துச்சுன்னா ரெண்டு தட்டுச் சோறு திங்கும் டீச்சர். காத்தாலயும் தின்னுட்டுத்தான் போகும். குழம்பு, மோரு எல்லாம் ஊத்தித் திங்கும். அது மண்ணுதான் அள்ளுது, கல்லு ஒடைக்கல." அப்புறம் அந்தக் கம்பை வேறு கண்ணோடு பார்த்தார்கள். குழம்பு இல்லை, மோர் இல்லை, அந்த ஓரணாவில் வாங்கத்தான் சந்தையில் என்ன இருந்தது, வீட்டில் வேலைக்குப் போக முடியாத கிழடு இருந்தால் யார் பங்கு என்று கேள்வி கேள்வியாக வந்தது. மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ், இந்த அளவு போதாது, சிறையில் இருக்கிற கைதிக்கே இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று எழுதிச் சண்டை போட்டார் என்று சொன்னேன். "அப்ப எதையாச்சும் திருடிட்டு ஜெயிலுக்குப் போயிறலாமுல்லங்க" என்றாள் ஒருத்தி. கார்னிஷ் விடாமல் எழுதி எழுதித்தான் பிறகு அளவைக் கூட்டினார்கள்.

இன்னொன்றையும் சொன்னேன். இதே டெம்பிள்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால், 1874-ல், வங்காளம் பீகார்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கி ஜனங்களைக் காப்பாற்றியவர். சாவே அதிகமில்லை. அதற்கு அவருக்குக் கிடைத்தது, சர்க்கார் பணத்தைக் கொட்டிக் கவிழ்த்தார் என்ற திட்டு. அந்தக் கெட்ட பெயரைக் கழுவத்தான் இங்கே வந்து பவுண்டைக் குறைத்தார். "அப்ப அவரு நல்லவருங்களா கெட்டவருங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெண் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெம்பிள் வேஷத்தை அவளுக்கே கொடுத்தேன்.

மூன்றாம் நாள்

வராந்தாதான் மேடை. இடது பக்கம் தலைமையாசிரியர் அறையிலிருந்து எடுத்து வந்த மூன்று நாற்காலி. ஒன்றில் டெம்பிள் துரை, ஒன்றில் தாசில்தார், ஒன்றில் தோளில் துண்டு போட்ட பண்ணையக்காரர். பக்கத்தில் கணக்கப்பிள்ளை, கரண்டி பிடிக்கிறவர், ரெண்டு சேவகர். வலது பக்கம் தரையில் சட்டியும் தட்டுமாக ஏழு பேர். அவர்களுக்கு வசனம் கிடையாது. "சாமீ, கொஞ்சம் ஊத்துங்க சாமீ" என்பது மட்டும், அதுவும் கூட்டமாக. ஒல்லிப் பையன் முதலில் நிற்க வேண்டும். அவனைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் பஞ்சம் புரிந்துவிடும் என்பது என் எண்ணம். எழுதும்போதே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"டீச்சர், நானு இங்க நிக்கலீங்."

"ஏன்டா, வெயில் அடிக்குதா? கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு."

"வெயிலில்லீங்." சட்டியைக் கீழே வைத்தான். போடவில்லை, சத்தம் வராமல் வைத்தான். "காலனிப் பசங்க எல்லாமே இந்தப் பக்கந்தானுங் நிக்கறோம்."

நான் திரும்பி வலது பக்கத்தைப் பார்த்தேன். ஏழு பேர். ஏழு பேரும் காலனி. இடது பக்கத்தைப் பார்த்தேன், அதையும் எண்ண வேண்டியிருக்கவில்லை. நான் ஜாதி பார்த்து வேஷம் பிரிக்கவில்லை. சத்தியமாக இல்லை. துரைக்கு எட்டுகிற குரல் வேண்டும், தாசில்தாருக்குத் திக்காமல் வசனம் வர வேண்டும், பண்ணையக்காரருக்கு வீட்டிலேயே பட்டு வேட்டி இருந்தால் வாடகை மிச்சம். சட்டி ஏந்துகிறவர்கள் ஒல்லியாக இருந்தால் போதும், கிழிந்த சட்டை கிடைத்தால் நல்லது. ஒவ்வொரு பெயருக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. காரணங்களையெல்லாம் அடுக்கி முடித்தபோது எங்கள் ஊரே வராந்தாவில் வந்து நின்றது. நான் ஊருக்குள் பிறந்தவள். எங்கள் அப்பாரு காலத்தில் எங்கள் வாசலில் சாயங்காலம் கூலிக்கு நின்ற வரிசை எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அதுவும் இப்படித்தான், திண்ணைக்கு வலது கைப்பக்கம், தரையில்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. கரும்பலகையில் நான் எழுத்துப்பிழை விட்டால் சொல்வானே, அதே குரல். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன், எதிர்த்துப் பேசியிருந்தால் அதட்டியிருப்பேன், ரெண்டும் எனக்குப் பழக்கம். மற்ற ஆறு பேரில் ஒருவன் தட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "சரி, இன்னைக்குப் போதும்" என்று எல்லாரையும் வகுப்புக்கு அனுப்பினேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து வேஷத்தை மாற்றி எழுதினேன். ஒல்லிப் பையன் தாசில்தார். பட்டு வேட்டிக்காரப் பையன் சட்டி. அடுத்த நாள் வகுப்பில் படித்துக் காட்டினேன், சாயங்காலம் எட்டு மணிக்குப் போன் வந்தது. "டீச்சருங்களா? எம்பட பையன் சட்டி தூக்கோணும்னு சொன்னீங்களாமா?" மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கு மனசுல ஒண்ணுமில்லீங். ஊர்க்காரங்க நாலு பேரு பாப்பாங்க, அதுக்குத்தான் சொல்றனுங்." பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. முதல் பட்டியல் ஏழு வீட்டுக்குப் போனது. அந்த ஏழு வீட்டிலிருந்து எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. அவர்களுக்கு மனசில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்குமா?

மறுநாள் நாடகத்தையே நிறுத்தினேன். வேஷத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் யாரோ ஒரு பிள்ளை ஊர் முன்னால் சட்டி ஏந்தித்தான் ஆக வேண்டும். பெரியவர்கள் நடிக்கிற நாடகம் வேறு. அவர்கள் வேஷத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கழற்றினாலும் அடுத்த நாள் அந்தப் பெயர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். "பஞ்சம் வந்திருக்குதுங் டீச்சர்" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டியது.

வள்ளம்

கும்மி என்ற யோசனை எங்கள் சத்துணவு அமைப்பாளர் சொன்னது. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது கும்மி என்றாலே வள்ளி கும்மி. ஒரே நிறப் புடவையில் நூற்றுக்கணக்கில் பெண்கள், மைக் செட், டிரோன் கேமரா, மேடையில் பிரமுகர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். யாருடைய பெருமைக்கு இந்த வட்டம், இதில் யார் வந்து நிற்கலாம், யார் நிற்க முடியாது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய சங்கடம், சாவைக் கைதட்டிப் பாடலாமா என்பது. மாரியம்மன் நோம்பிக்கு ஆடுகிற ஆட்டம் அது.

ஆனால் பாடியிருக்கிறார்களே. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியே கொங்கு நாட்டில் கும்மி கட்டியிருக்கிறார்கள். பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு ஒப்பாரி தெரியாதா என்ன? தெரிந்தும் கும்மியை எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்த ஒரு சாயங்காலம்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கும்மியில் யாரும் யாராகவும் ஆவதில்லை. தானியம் என்ன விலைக்குப் போனது, எதை விற்றார்கள், எதைத் தின்றார்கள், எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே சுற்றி வருகிறார்கள். செத்தவனைக் காட்டுவது கிடையாது, செத்தான் என்று சொல்வது மட்டும்தான். வட்டத்துக்கு இடது பக்கம், வலது பக்கம் என்று ஒன்று கிடையாது. கையைத் தட்டுவதும்கூட, அடுத்த வரி மறந்துபோகாமல் இருக்கிறதுக்குத்தானோ என்னவோ.

அடவு சொல்லித்தர ஊருக்குள்ளிருந்து ஒரு பாட்டி வந்தார். எண்பது வயசு இருக்கும், குனிந்து நிமிர்ந்தால் இருபது குறைந்துவிடும். ரெண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் மரத்தடியில் உட்கார்ந்து தன் பாட்டியிடம் கேட்ட கதையைச் சொன்னார். கத்தாழைக் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்றது, மாடு கன்று எல்லாம் பட்டியிலேயே விழுந்தது. கடைசியில், "எங்க பண்ணையத்துல ஒரு உசுரு போகலீங் டீச்சர். தானியக் குதிரத் தொறந்து ஆளுக்காரங்களுக்கெல்லாம் அளந்தாங்க" என்றார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒல்லிப் பையன் எழுந்தான். அந்த அம்மாளை என்னவென்று கூப்பிடுவது என்று அவனுக்கு ஒரு நொடி தடுமாற்றம். ஊருக்குள் பிள்ளைகள் கூப்பிடுகிற அம்முச்சி அவன் வாயில் வராது, அவன் வீட்டில் கூப்பிடுகிற முறையைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல அவனுக்கு இஷ்டமில்லை. "பாட்டிங்க, எதுலீங்க அளந்தாங்க?" என்றான். யாருக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்பான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் கேட்டது எதில் என்று. பாட்டிக்குச் சந்தோஷம். "வள்ளத்துல கண்ணு. இன்னும் எங்க அட்டாலில கெடக்குது" என்று சொல்லி, மறுநாள் பேரனிடம் கொடுத்தும் விட்டார்.

அந்த வள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பு. வாயைச் சுற்றிப் பித்தளைப் பட்டை, ஒரு இடத்தில் பட்டை விட்டுப்போயிருந்தது. அடியில் சுண்டு விரல் நுழைகிற ஒரு ஓட்டை. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மழுங்கி இருந்தது. பிள்ளைகள் கையை விட்டுப் பார்த்தார்கள், தலையில் கவிழ்த்துப் பார்த்தார்கள். இது எதனால் தேய்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒல்லிப் பையன் வீட்டில் கேட்டு வந்தான். அவனுடைய ஆத்தா, அதாவது பாட்டி, சொல்லியிருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து படித்தான். "கூலி அளக்கறப்பத் தலை தட்டுவாங்க. குச்சிய வெச்சு வழிச்சு உட்டுருவாங்க. அவிகளுக்கு அளக்கறப்பக் குமிச்சு அளக்கோணும். எத்தன தட்டுத் தட்டியிருப்பாங்க, தேயாம என்ன பண்ணும்?" அப்புறம் இன்னொரு வரியும் எழுதியிருந்தான். "நாங்க இந்த ஊரே இல்லையாமா. தாது வருசத்துல கரூர்ப் பக்கமிருந்து நடந்து வந்தவங்களாமா. எத்தன பேரு கெளம்புனாங்க, எத்தன பேரு வந்து சேந்தாங்கன்னு எங்க ஆத்தாளுக்குத் தெரியலையாமா."

வகுப்பில் சத்தமே இல்லை. ஹூப்பரின் படத்துக்குச் சிரித்த அதே பிள்ளைகள்தான். அவர்கள் முன்னால் இருந்தது ஒரு பழைய இரும்பு, ரெண்டு கிழவிகளின் ரெண்டு கதை, அவ்வளவுதான். ரெண்டு கதையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எது நிஜம் என்று என்னைக் கேட்டார்கள். பாட்டி சொன்ன மாதிரி தானியக் குதிரைத் திறந்து அளந்திருக்கலாம், தலை தட்டியும் அளந்திருக்கலாம், ரெண்டையும் பாட்டில் வைப்போம் என்றேன். ஊர்ப் பிள்ளைகளில் ஒருத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பாட்டியின் பேத்தி. அவளை நான் சமாதானப்படுத்தவில்லை, விட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து அவளே கடைசிக் கண்ணிக்கு வரி கொண்டு வந்தாள். முதல் ரெண்டு வரி அவளுடையது, அடுத்த ரெண்டு அவனுடையது:

கல்லை உடைச்சவன் கையினிலே — ஒரு
காசணா வைச்சுட்டு எண்ணச்சொன்னார்
எல்லையத் தாண்டியே போனவங்க — இன்னும்
ஏனுங்க ஊருக்கு வரலீங்க

"ஏனுங்க" பாட்டில் வரலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. வரலாம் என்று தீர்ப்பானது.

தாளத்துக்குத் தப்பட்டை வைக்கலாம் என்று உதவித் தலைமையாசிரியர் சொன்னபோது வட்டத்தில் இருந்த எல்லார் கண்ணும் தானாகக் காலனிப் பையன்கள் பக்கம் போனது. என் கண்ணும்தான். இந்தத் தடவை நானே பார்த்துவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் ஒல்லிப் பையன் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு ஒரு குச்சியால் தட்டிக் காட்டினான். காலியாக இருந்ததால் நல்ல சத்தம். "இதையே அடிச்சர்லாமுங் டீச்சர்" என்றான். யார் அடிப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். டெம்பிளாக நடிக்க இருந்த பெண்ணுக்கு விழுந்தது.

ஆண்டு விழா எல்லா ஆண்டு விழாவையும் போலத்தான் நடந்தது. மைக் விட்டு விட்டு எடுத்தது. நாலாவது கண்ணியில் ரெண்டு பேர் மோதிக்கொண்டார்கள். போன் பண்ணிய அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்தார், அவர் மகனும் வட்டத்தில் இருந்தான். ஏழு வீட்டிலிருந்து நாலு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், பின்னால் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன். "பரவால்லீங் டீச்சர், இங்கயே காத்து நல்லா வருது" என்றார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர் ஒருவர், எல்லாவற்றுக்கும் இதே மாதிரி கும்மி போட்டுவிடலாமே என்றார். பட்டியலே வைத்திருந்தார். 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் ஒரே நாளில் தூக்கில் போடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். 1970 ஜூன் 19-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்த மூன்று விவசாயிகள். அதற்கெல்லாம் போடலாம், வில்லுப்பாட்டாகவும் போடலாம் என்றேன். "கோயம்புத்தூர் 98?" என்றார். நான் பேசவில்லை. 1997 நவம்பர்க் கலவரத்தில் செத்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளும், அடுத்த பிப்ரவரி 14-ல் குண்டு வெடித்துச் செத்த 58 பேரின் வீட்டுப் பிள்ளைகளும் இன்றைக்குப் பெற்றோராக ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். அதற்கு எந்த வடிவம் தாங்கும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தாது வருஷம் பரவாயில்லை, அதைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை, அதனால் ஆபத்தில்லை என்றுதான் ஆரம்பத்தில் நானும் நினைத்திருந்தேன். நூற்றைம்பது வருஷத்துப் பஞ்சம் வராந்தாவில் சட்டியைக் கீழே வைத்தது.

இப்போதைய எட்டாம் வகுப்பில் 32 பேர். சேலம் மாவட்டக் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர் குறைந்தார்கள் என்றால் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு என்றார்கள். ஆறு பேரை எழுந்து நிற்கச் சொல்லக் கை நீண்டுவிட்டது, மடக்கிக்கொண்டேன். அட்டாலியிலிருந்து இறங்கிய வள்ளம் திரும்பிப் போகவே இல்லை, பீரோ மேலே இருக்கிறது. அதை எடுத்து மேஜையில் வைத்தேன்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் பத்தாவது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், பெல்ட் ஓட்டையெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். "இந்த வருசம் யாருங் டீச்சர் வள்ளம் அடிக்கறது?" என்று கேட்டான்.

"பதினேழு பேரு கேட்டிருக்கறாங்கடா. சீட்டுத்தான் போடோணும்."

"அடியில ஓட்டைய அடைச்சுப் போடாதீங்க," என்றான் பஸ்ஸில் ஏறிக்கொண்டே. "அடைச்சா அந்தச் சத்தம் வராதுங்."